இடப்பக்கம் முறுக்கிய கம்பி

போன மாதம் தோட்டத்து ஆபீசிலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். காவல் வேலைக்குப் புதிதாக மூன்று பேரை எடுத்திருக்கிறார்களாம், அவர்களிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். காட்டோரத்து மரங்களில் இப்போது படம் பிடிக்கும் பெட்டிகளை மாட்டியிருக்கிறார்கள். மிருகம் போனாலும் மனிதன் போனாலும் அதில் விழுந்துவிடும் என்கிறார்கள். அப்படியிருக்க நான் போய் எதைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். தெரிந்ததைச் சொன்னேன். அந்த மூவரில் ஒருத்தி பெண். பேச்சு முடிந்ததும் அவள் கேட்டாள்.

"புடிபடுற ஆளு நமக்குத் தெரிஞ்ச ஆளா இருந்தா என்னங்க செய்யிறது?"

காவல் புத்தகத்தில் எழுதுங்கள், மேலதிகாரிக்குச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அது ஒழுங்கான பதில் இல்லை என்று எனக்கே தெரியும். இரண்டு நாள் கழித்து இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் நமுனுகுல மலையின் கீழ்ப்பக்கம் இருக்கிறது. கம்பெனித் தோட்டம் இல்லை. பதுளையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். அவர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வருவார்கள். தேயிலைக்கு மேலே பெரிய காடு ஒன்றும் தோட்டத்துக்குள்ளேயே வருகிறது. அந்தக் காட்டில் யாரும் வேட்டையாடக் கூடாது என்பது அந்தக் குடும்பம் போட்ட கட்டளை. காட்டில் மரை இருந்தது, கேளையாடு இருந்தது, பன்றி ஏராளம். புலியும் இருந்தது. சிறுத்தை என்று புத்தகத்தில் எழுதுவோம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லாருக்கும் அது புலிதான்.

நான் தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கழிக்கும் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவன். கத்தி வழுக்கி இடது முழங்காலில் ஆழமாக இறங்கியதில் அந்த வேலை போயிற்று. காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பேன். அப்படிப்பட்டவனைக் காவலுக்குப் போட்டது நல்லது என்று பிறகுதான் புரிந்தது. மெதுவாக நடக்கிறவனுக்குத் தரையில் கிடப்பது தெரியும். முன்பிருந்த காவல்காரரோடு ஆறேழு மாதம் அலைந்தேன். அவர் ஓய்வு பெற்றதும் சன்னாசி வாச்சர் என்ற பேர் எனக்கு நிலைத்துவிட்டது.

எனக்கு மேலே இருந்தவர் தேவராஜ் ஐயா. மலையில் நடக்கும் வெளிவேலைக்கெல்லாம் பொறுப்பான கண்டக்டர் அவர். எங்கள் பேச்சில் கண்டாக்கையா. உயரமான ஆள். மழையோ வெயிலோ கையில் குடை இருக்கும், பெரும்பாலும் விரிக்கமாட்டார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு சங்கதியைப் போய்ச் சொன்னால் முழுவதும் கேட்பார். பிறகு மறுபடி சொல்லச் சொல்வார். மூன்றாவது தடவையும் சொல்லச் சொல்வார். முதல் தடவை சொல்லாத ஏதோ ஒன்று மூன்றாவது தடவையில் வந்துவிடும். அதைத்தான் எழுதிக்கொள்வார்.

"கண்டதச் சொல்லு சன்னாசி. நெனச்சத நான் கேட்டா சொல்லு" என்பார்.

எனக்குச் சுடத் துவக்கு கொடுக்கவில்லை. ஒரு நீளக் கம்பும் ஊதலும்தான். யாரையும் துரத்தக் கூடாது என்பது அவருடைய முதல் உத்தரவு. வேட்டைக்காரனைக் கண்டால் தூரத்திலிருந்தே ஊத வேண்டும், நாம் வருவது அவனுக்குத் தெரிய வேண்டும். அவன் வெளியே போகும் வழியை மறித்து நிற்கக் கூடாது. கிட்டப் போனதும் வணக்கம் சொல்ல வேண்டும். அப்புறம் நாயின் பேரைக் கேட்க வேண்டும். தன் பேரைக் கேட்டால் மனிதன் பொய் சொல்வான். நாயின் பேரைக் கேட்டால் யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிடுவான். அந்தப் பேரை வைத்துக் கீழே கிராமத்தில் விசாரித்தால் ஆள் யாரென்று அன்றே தெரிந்துவிடும். இது அவர் சொல்லித் தந்தது. நான் ஒரு தடவைகூட இதில் ஏமாந்ததில்லை.

நாயோடு வருகிறவர்களால் அதிகத் தொல்லை இல்லை. பகலில் வருவார்கள், சத்தம் கேட்கும். கட்டித்துவக்கும் கம்பிச் சுருக்கும்தான் பயம். மரத்தில் துவக்கைக் கட்டி, அதன் விசையிலிருந்து வழியின் குறுக்கே நூல் இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நூலில் பன்றி இடறினாலும் வெடிக்கும், கொழுந்தெடுக்கப் போகிற பெண் இடறினாலும் வெடிக்கும். அதனால் கம்பை முன்னால் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, புல்லைத் தடவிக்கொண்டே நடப்பேன். நூல் தட்டுப்பட்டால் தாண்டக் கூடாது, வந்த வழியே பின்னால் போக வேண்டும்.

கம்பிச் சுருக்கு வேறு மாதிரி. மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பியோ, லொறியில் கட்டும் கம்பியோ போதும். தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்காலைக் கான் என்போம். பன்றி அந்தக் கான் வழியாகத்தான் வரும். சுருக்கும் அங்கேதான் இருக்கும். கண்டவுடன் அறுத்து எறியக் கூடாது என்பார் கண்டாக்கையா. கம்பி புதிதா, துருவேறியதா, தரையிலிருந்து எவ்வளவு உயரம், எந்தச் செடியில் கட்டியிருக்கிறது, முனையை எப்படி முடிந்திருக்கிறது என்று எல்லாம் பார்த்து எழுதிய பிறகுதான் அவிழ்க்க வேண்டும். சாக்கில் போட்டு இலக்கம் எழுதி ஆபீசில் கொடுக்க வேண்டும். முடிச்சு ஆளுக்கு ஆள் மாறும் என்று அவர் நம்பினார். வருடக்கணக்கில் அவிழ்த்ததில் நானும் நம்பினேன்.

கீழ்க் கிராமத்திலிருந்து குணபால என்றொருவன் வருவான். மூன்று நாய்கள் வைத்திருந்தான். என் புத்தகத்தில் அவன் பேர் இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டு தடவையும் நான் ஊதியதும் நின்றான், சிரித்தான், நாய்களைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டான்.

இனி ஏழாம் நம்பர் மலையில் நடந்தது. தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதியையும் நம்பர் போட்டு மலை என்போம்.

காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்குப் பிரிக்கும் பெரட்டு முடிந்து பெண்கள் மலைக்கு ஏறி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. நான் மேல் ரோட்டில் நின்றிருந்தேன். லெட்சுமி என்ற கொழுந்துக்காரி கூடையை எங்கேயோ போட்டுவிட்டு ஓடி வந்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கானுக்குள் புலி கிடந்தது. கம்பி அதன் இடுப்பில் இறுகியிருந்தது. சுற்றிலும் இருந்த நாலைந்து தேயிலைச் செடிகளை வேரோடு பிய்த்துப் போட்டிருந்தது. மண் உழுதது போலக் கிடந்தது. எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தது. முன்கால் எழும்பியது, பின்கால் வரவில்லை. பிறகு படுத்துக்கொண்டு எங்களையே பார்த்தது.

பெண்களையெல்லாம் கீழே அனுப்பினேன். போனில் கண்டாக்கையாவுக்குச் சொன்னேன். அவர் வந்து முதலில் பார்த்தது புலியை இல்லை, ஆட்களை. அதற்குள் லயத்திலிருந்து ஐம்பது அறுபது பேர் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர் குடையைக் குறுக்கே பிடித்து, இதற்கு மேல் யாரும் வரக் கூடாது என்று மெதுவாகச் சொன்னார். யாரும் வரவில்லை. வனஜீவராசி அதிகாரிகளுக்குத் தகவல் போயிற்று. மயக்க ஊசி போடும் மிருக வைத்தியர் தூரத்திலிருந்து வர வேண்டும். அதுவரை அதன் கண்ணில் வேறு ஆள் படக் கூடாது, ஓர் ஆள் மட்டும் அசையாமல் நிற்க வேண்டும் என்றார்கள். நான் நின்றேன்.

எட்டரை மணியிலிருந்து இரண்டு மணி வரை நின்றேன். வெயில் ஏறியது. புலி வாயைத் திறந்து மூச்சு விட்டது. சில நேரம் கம்பியைத் திரும்பிக் கடித்தது, சில நேரம் தூங்கினது போலக் கிடந்தது. எனக்குக் கால் மரத்துப்போனது. செய்வதற்கு வேறெதுவும் இல்லாததால் பழக்க தோஷத்தில் கம்பியைப் பார்த்தேன். சவுக்கு மரத்தின் அடியில் கட்டியிருந்தது. முனையை உள்ளே மடக்கி, குறடால் மூன்று சுற்று, அதுவும் இடப்பக்கமாக முறுக்கியிருந்தது. கை கிழிபடாதபடி சுத்தமான வேலை.

அந்த முறுக்கை எனக்குத் தெரியும். என் மகள் சாந்தியைக் கட்டிக் கொடுத்த வீட்டில் துணி காயப்போடும் கம்பி அப்படித்தான் முறுக்கியிருக்கும். தண்ணீர்க் குழாயை மரக்கட்டையோடு சேர்த்துக் கட்டியிருப்பதும் அப்படித்தான். என் சம்பந்தி அழகர் எங்கள் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், மெசின் பழுதுபார்ப்பவர், இடது கைக்காரர். காட்டோரத்தில் அவருக்கு ஒரு மரக்கறித் தோட்டம் இருந்தது. அந்த மாதம் பன்றி இறங்கி உருளைக்கிழங்கு முழுவதையும் தோண்டிவிட்டுப் போனது என்று மகள் சொல்லியிருந்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில் அவர்கள் வீட்டில் பன்றிக்கறி சாப்பிட்டேன். எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்.

வைத்தியர் வந்து ஊசி போட்டு, கம்பியை அறுத்து, புலியை வலையில் தூக்கிக்கொண்டு போனார். பெட்டைப்புலி என்றார். ஏழெட்டுப் பேர் சேர்ந்து தூக்கினோம். அதன் வயிறு கொதித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் போன பிறகு கண்டாக்கையா என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்று தடவையும் சொன்னேன். மூன்றாவது தடவை முடிச்சைப் பற்றிச் சொன்னேன், இடப்பக்க முறுக்கு என்றும் சொன்னேன்.

"இப்ப கேக்குறேன். நீ என்ன நெனைக்கிற?" என்றார்.

"தெரியலைங்கையா" என்றேன்.

அவர் புத்தகத்தை மூடினார்.

மூன்றாம் நாள் புலி செத்துவிட்டது என்று போனில் செய்தி வந்தது. உள்ளே குடல் நசுங்கியிருந்ததாம். லெட்சுமி அதற்குப் பிறகு பல நாள் என்னைக் கண்டால் அதைப் பற்றிக் கேட்பாள். காட்டில் விட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். அவள் அதை நம்பினாளா என்று தெரியாது.

விசாரணைக்கு வந்த பொலிஸ்காரர்கள் என் புத்தகத்தைப் புரட்டினார்கள். வேட்டைக்கு வந்ததாக எழுதியிருந்த பேர்களில் இரண்டு தடவை வந்திருந்தது குணபாலவின் பேர்தான். என் கையெழுத்து, என் தேதி. அன்று பின்னேரமே அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரிமாண்டில் வைத்தார்கள்.

அவன் மனைவி ஆபீஸ் வாசலில் இரண்டு நாள் வந்து நின்றாள். மூன்றாம் நாள் ஆபீசுக்குப் போகாமல் எங்கள் லயத்துக்கே வந்தாள். சிங்களப் பெண், தோட்டத்துக் கடையில் சாமான் வாங்கி வாங்கித் தமிழ் பழகியவள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வாசற்படியில் நின்றுகொண்டே பேசினாள்.

"வாச்சர் ஐயா, எங்க ஆளு தோட்டத்துக்கு வந்தாரு. ரெண்டு தடவ வந்தாரு, நீங்க எழுதினது சரி. ஆனா கம்பி கட்ட மாட்டாரு. கம்பி கட்டினா முதல்ல எங்க நாய்தானே மாட்டும்?"

இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. நாயோடு வேட்டைக்குப் போகிறவன் அந்தக் காட்டில் சுருக்கு வைக்கமாட்டான். புலி கிடந்த அன்றே அது எனக்குத் தெரியும். தலையை ஆட்டினேன். அவள் போய்விட்டாள். உள்ளே அடுப்படியில் இருந்த என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அவளும் அந்த வீட்டுத் துணிக்கம்பியைப் பார்த்தவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டுக்குப் போனேன். சாந்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்போது அவளுக்கு ஆறு மாதம். அழகரை மரக்கறித் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினேன். அவர் மறைக்கவில்லை. பன்றிக்குத்தான் வைத்ததாகவும், புலி வந்து விழும் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றும் சொன்னார். நாலு மாத உழைப்பை இரண்டே நாளில் பன்றி தின்றுவிட்டது என்றார். தோண்டிக் கிடந்த மேட்டைக் காட்டினார். அது உண்மைதான்.

நீங்களே போய்ச் சொல்லிவிட்டால் அவ்வளவு கடுமையாக இருக்காது, நானும் கூட வருகிறேன் என்றேன்.

"வேல போயிரும் சம்பந்தி. இந்த லயத்து வீடும் போயிரும். உங்க மகளும்தானே இந்த வீட்ல இருக்கா" என்றார்.

"உள்ள இருக்கிற ஆளுக்கும் வீடு இருக்குங்க" என்றேன்.

அவர் மண்வெட்டியை எடுத்துக் கிழங்கு மேட்டைச் சீர்படுத்தத் தொடங்கினார். இன்னும் இரண்டு நாள் பொறுக்கிறேன், பிறகு நானே சொல்ல வேண்டியிருக்கும், யோசியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் கண்டாக்கையாவின் அறைக்குப் போனேன். அவர் உட்காரச் சொன்னார். உட்காராமலே சொன்னேன்.

"இது கண்டதா, நெனச்சதா?"

"கண்டதுங்க. அன்னைக்கே கண்டது."

"அன்னைக்கு நான் கேட்டேன்."

"கேட்டீங்கய்யா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புத்தகத்தைத் திறந்து, அன்றைய தேதியைப் போட்டு, நான் சொன்னதை அப்படியே எழுதினார். காவல்காரர் இதைப் பத்து நாள் கழித்துத்தான் சொன்னார் என்பதையும் எழுதினார். வாசித்துக் காட்டி என்னிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு என்னோடு லொறியில் ஏறி பொலிஸ் ஸ்டேசனுக்கு வந்தார். இறங்கும்போது, "முழங்கால் பாத்து எறங்கு" என்றார்.

பொலிஸ்காரர்கள் கேட்டவுடனே அழகர் ஒப்புக்கொண்டார். குணபாலவை விட்டுவிட்டார்கள். வழக்கு இழுத்து இழுத்து நடந்து முடிந்தது. ஆனால் அந்த மாதமே அழகருக்கு ஸ்டோர் வேலை போயிற்று. வீட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். குடும்பம் பண்டாரவளைப் பக்கம் ஒரு கராஜுக்குப் பின்னால் இருந்த அறையில் குடியேறியது. பேரப்பிள்ளை அங்கேதான் பிறந்தான். எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. பதுளைச் சந்தையில் யாரோ சொல்லி என் மனைவிக்குத் தெரிந்தது. அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிவிட்டு அரிசி களைந்தாள்.

லயத்தில் என்னோடு பேசுகிறவர்கள் குறைந்தார்கள். நேராக யாரும் எதுவும் சொல்லவில்லை. கோயில் கூட்டத்தில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இடம் காலியாக இருக்கும். சொந்த சம்பந்தியையே காட்டிக்கொடுத்தவன் என்று சிலர் சொன்னதாகக் கேள்வி. பத்து நாள் வாயைத் திறக்காமல் இருந்தவன் என்று யாரும் சொல்லவில்லை. அது புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

குணபால எனக்கு நன்றி சொல்ல வரவில்லை. ஏன் வர வேண்டும்? இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி எங்கள் காட்டுக்குத்தான் வந்தான். நான் ஊதினேன். நின்றான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. நாய்களில் ஒன்று புதிது. நான் கேட்பதற்கு முன்னாலே அதன் பேரைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். அதையும் எழுதினேன். நாய்கள் மட்டும், கம்பி எதுவும் இல்லை என்று பக்கத்தில் சேர்த்து எழுதினேன்.

அதற்குப் பிறகும் பல வருடம் அந்த மலையில் நடந்தேன். எத்தனையோ சுருக்கு அவிழ்த்தேன். ஒவ்வொன்றையும் அவிழ்ப்பதற்கு முன் முறுக்கைப் பார்க்கும்போது, யாருடையது என்று தெரியாமல் இருந்தால் போதும் என்று இருக்கும். காவல்காரனுக்கு அப்படி ஓர் ஆசை வந்தால் அவன் வேலைக்கு ஆகமாட்டான். கண்டாக்கையாவிடம் அதைச் சொன்னேன். வேறு ஆளில்லை, நட என்றார். ஓய்வு பெறும்வரை நடந்தேன்.

சாந்தி வீட்டுக்கு வந்தது ஐந்தாவது வருடத் தீபாவளிக்கு. பையனையும் கூட்டி வந்தாள். அம்மாவோடு சமைத்தாள், எனக்குச் சோறு போட்டாள். பழைய கதை எதையும் எடுக்கவில்லை. புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, மாமாவுக்கு ஒரு பக்கம் கை கால் விளங்கல. உங்கள ஒருக்கா வரச் சொன்னாரு."

அடுத்த வாரம் பஸ் பிடித்துப் போனேன். கராஜுக்குப் பின்னால் ஏற்றத்தில் இருக்கிறது அந்த அறை. அழகர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் கொஞ்சம் கோணியிருந்தது, பேச்சு புரிந்தது. விளங்காமல் போனது இடது பக்கம். அந்தக் கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். வாங்க என்றார். ஸ்டோரில் இப்போது யார் மெசின் பார்க்கிறார்கள் என்று கேட்டார். தேயிலை அரைக்கும் மெசின்கள் ஒவ்வொன்றாக விசாரித்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சாந்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போனாள்.

அவர் அவள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"நீங்க போய்ச் சொல்லாம இருந்திருந்தா, அந்த ஆள் உள்ள கெடக்கிறதப் பாத்துட்டு, நானே போயிருப்பேன்னு நெனைக்கிறீங்களா சம்பந்தி?"

"தெரியலைங்க" என்றேன்.

"அஞ்சு வருசமா இதத்தான் யோசிச்சிக்கிட்டு கெடக்குறேன்" என்றார். "போயிருக்க மாட்டேன்."

பழகாத வலது கையால் அவருக்குக் கோப்பையைச் சரியாகத் தூக்க வரவில்லை. நான் எடுத்து வாயருகில் பிடித்தேன். சூடு பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்தார்.